பெண் பார்க்கும் நாளில் போன சோதனை

வரி ஏய்ப்புத் தடுப்புப் பிரிவில் போஸ்டிங் என்றதும் உங்களில் பாதிப் பேர் கறுப்புக் கண்ணாடி வாங்கியிருப்பீர்கள். தப்பில்லை. நானும் ஒரு காலத்தில் வாங்கினேன். அதை மாட்டிக்கொண்டு முதல் மூன்று மாதம் அலுவலகத்தில் பழைய கோப்புகளுக்குப் பக்க எண் போட்டேன். கண்ணாடி தூசிக்கு நல்ல பாதுகாப்பாக இருந்தது.

உங்களுடைய பாதை எனக்குத் தெரியும். ஹைதராபாத் அமீர்பேட்டில் ஹாஸ்டலில் நான்கு பேர் அறையில் ஆறு பேராகத் தங்கி, கோச்சிங் சென்டரில் இடம்பிடிக்க விடிவதற்குள் எழுந்து, தேர்வு எழுதி, தேறி, இன்ஸ்பெக்டராக வந்திருக்கிறீர்கள். பயிற்சியில் சட்டம் சொல்லிக்கொடுத்தார்கள். ஒத்திகைச் சோதனையும் நடத்தியிருப்பார்கள். ஓர் அறையில் பயிற்சியாளரே எதையோ ஒளித்து வைப்பார், நீங்கள் கண்டுபிடித்தால் மதிப்பெண். அந்த அறையில் நாற்காலி உண்டு, பீரோ உண்டு, கட்டிலும் உண்டு. அழுகிற மனுஷி மட்டும் இருக்கமாட்டாள். அடுப்பில் பால் பொங்காது. அதனால்தான் ஒத்திகையில் எல்லோரும் கெட்டிக்காரர்களாக இருக்கிறோம்.

இந்தப் பிரிவில் முன்னுக்கு வர என்ன படிக்க வேண்டும் என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறீர்கள். கணக்கு படியுங்கள், கணினியில் தடயம் எடுக்கிற படிப்பு இருக்கிறது, அதற்கும் மனுப் போடுங்கள். பதவி உயர்வு தானாக வரும், மெதுவாக வரும், அதற்காகக் கோபப்பட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். இதற்கு மேல் எனக்குத் தெரிந்ததைப் பாடமாகச் சொல்ல வராது. நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

நான் சூப்பரிண்டெண்டெண்டாக இருந்தபோது செகந்திராபாத்தில் ஒரு பழைய இரும்பு வியாபாரியின் வீட்டுக்குச் சோதனைக்குப் போனோம். சரக்கே நகராமல் பில் மட்டும் ஊர் ஊராகப் போய்வருகிற வியாபாரம் அது. லாரி போகாது, இரும்பு போகாது, காகிதம் போகும். அந்தக் காகிதத்தைக் காட்டி, கட்டாத வரியைக் கட்டியதாகக் கழித்துக்கொள்வார்கள். எங்கள் குழு பல மாதம் உட்கார்ந்து நூல் பிடித்து வந்திருந்தது. பேச்செல்லாம் ஒரு தனி செல்போனில் நடக்கிறது என்று தெரியும். அந்த போன் கிடைத்தால் கேஸ் நிற்கும். கிடைக்காவிட்டால் அத்தனை மாத உழைப்பும் வீண்.

முந்தின நாள் வேவு பார்க்கப் போனவர் வாசல், பின்வாசல், மாடிப்படி, பக்கத்துச் சுவர் எல்லாவற்றையும் அழகாக வரைந்து கொண்டுவந்தார். அந்த வீட்டில் மறுநாள் என்ன விசேஷம் என்பதை மட்டும் விசாரிக்கவில்லை. படத்தில் அதற்கு இடமும் இல்லை.

காலையில் போய் மணி அடித்தோம். வியாபாரி கதவைத் திறந்தார். உத்தரவைக் காட்டினேன். வழக்கப்படி, "முதலில் எங்களைச் சோதித்துக்கொள்ளுங்கள், நாங்கள் எதையும் கொண்டுவரவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கையை விரித்து நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார். உள்ளே கூடத்தில் புதுத் திரைச்சீலை, தட்டு நிறைய மல்லிகை, சோபாவுக்குப் பிளாஸ்டிக் உறை கழற்றியிருந்தது. பிளாஸ்டிக் உறையைக் கழற்றினால் அந்த வீட்டில் என்னவோ பெரிய காரியம் என்று அர்த்தம்.

"கைக்கு மேடம் இன்னிக்கே வந்தீங்க?" என்றார் அவர். "சாயங்காலம் பொண்ணு பாக்க வராங்க."

'கைக்கு' என்றால் அந்த ஊர் உருதுவில் 'ஏன்'. அவர்கள் தமிழ்க் குடும்பம். பாட்டன் காலத்தில் வந்து செகந்திராபாத்தில் தங்கிவிட்டவர்கள். எங்கள் குடும்பமும் அப்படித்தான் என்பதால் அந்தப் பேச்சு எனக்கு வீட்டுப் பேச்சு மாதிரி இருந்தது. அது ஒரு சங்கடம். ஏசி அறையில் ஆங்கிலத்தில் உத்தரவு போடுவது சுலபம், சொந்தப் பாஷையில் கெஞ்சுகிறவரிடம் முகத்தை விறைப்பாக வைத்திருப்பது கஷ்டம்.

வேலையைத் தொடங்கினோம். சோதனைக்குச் சாட்சிகளாக வந்த அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் இருவர் கூடவே நின்றார்கள். அறை அறையாகப் பார்த்தோம். மதியம் வரை போன் அகப்படவில்லை. பூஜை அறை மட்டும் பாக்கி. மதியம் வியாபாரியின் மனைவி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார்.

"ஏற்கெனவே ரெண்டு எடம் தட்டிப்போச்சு மேடம். இவங்க மௌலா அலிலேர்ந்து வராங்க, பையனோட அப்பா சென்ட்ரல் கவர்மென்ட்ல இருந்து ரிட்டையர் ஆனவரு. இங்க ரெய்டுன்னு தெரிஞ்சா வாசப்படிகூட ஏறமாட்டாங்க. வராதீங்கன்னு போன் பண்ணிச் சொன்னா, ஏன்னு கேப்பாங்க. என்ன சொல்றது?"

அப்போது மகள் வந்தாள். அவளை வைஷ்ணவி என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். அழவில்லை, கெஞ்சவில்லை. "அம்மா, மேடத்த விடு. அவங்க டியூட்டி அவங்க பண்றாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் அழுதிருந்தால் நான் விதியைச் சொல்லித் தப்பித்திருப்பேன். அவள் அப்படிச் சொன்னதும் அந்த வழியும் போயிற்று.

சோதனை நடக்கும்போது வெளியாட்களை உள்ளே விடலாமா கூடாதா என்பது நடத்துகிற அதிகாரியின் முடிவு. வருகிறவர்களோடு ஏதாவது வெளியே போய்விட்டால் அந்த அதிகாரியின் தலை உருளும். மேலதிகாரிக்கு போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்கள் அங்கே இருக்கிறீர்கள், நீங்களே முடிவு செய்யுங்கள்" என்றார். இந்த வாக்கியத்தை நீங்கள் உங்கள் பணிக்காலத்தில் நிறைய கேட்பீர்கள். நல்லபடி முடிந்தால் முடிவு இருவருடையது, கெட்டால் உங்களுடையது.

என்னை முதன்முதலில் சோதனைக்கு அழைத்துப்போன அதிகாரி ஒருவர் உண்டு. அதிகம் பேசமாட்டார். "காகிதத்துக்கு வந்தோம், காகிதத்தோடு போகணும். அந்த வீட்டில் வேற எதையும் எடுத்துட்டு வரக்கூடாது" என்பார். சாப்பாடு, காபி, தண்ணீர்கூட வாங்கக்கூடாது என்பதற்காகச் சொல்கிறார் என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சமையலறையில் நின்றபோது அவர் சொன்னது அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

வியாபாரியையும் மனைவியையும் மகளையும் உட்காரவைத்துச் சொன்னேன். "அவங்க வரட்டும். என் ஆளுங்களும் சாட்சிகளும் பின்பக்க ரூம்ல இருப்பாங்க. நானும் ஒரு இன்ஸ்பெக்டரும் கூடத்துல உக்காருவோம். நாங்க யாருன்னு நாங்களா சொல்லமாட்டோம். கேட்டா பொய்யும் சொல்லமாட்டோம். நீங்களும் எங்கள அத்தை, மாமான்னு சொல்லக்கூடாது. என் கண்ணுல படாம ஒரு துரும்புகூட வெளிய போகக்கூடாது."

"நக்கோ மேடம், இல்ல, ஒண்ணும் போகாது" என்று வியாபாரி கும்பிட்டார். குளித்துவிட்டு வந்து, விளக்கேற்றி ஒரு கும்பிடு போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். பூஜை அறை கூடத்தை ஒட்டியே இருந்தது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு போகச் சொன்னேன். திறந்துதான் வைத்தார், பாதி. மணி அடிக்கிற சத்தம் கேட்டது. அதோடு பை சரசரக்கிற சத்தமும் கேட்டது. சாமி கும்பிடப் பை எதற்கு என்று நான் எழுந்த அதே நேரத்தில் வாசலில் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள்.

அப்போதே பூஜை அறைக்குள் புகுந்திருக்கலாம். ஆனால் வந்தவர்களின் கண்முன்னால்தான் புகுந்திருக்க வேண்டும். யோசித்தேன். பூஜை அறையிலிருந்து எது வெளியே போனாலும் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆகவே அந்த அறை வாசலை ஒட்டிய நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டேன். கைக்கு எட்டும் தூரத்தில் நானே காவல்.

மாப்பிள்ளை, அப்பா, அம்மா, மூன்று பேர். அம்மா வந்ததும் வராததுமாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீங்க வேலைக்குப் போறீங்களா?"

"போறேங்க."

"எந்த ஆபீஸ்?"

"சென்ட்ரல் கவர்மென்ட்."

"வேலை ஜாஸ்தியா இருக்குமோ?"

"சில நாள் காலைல போனா எப்ப முடியும்னு தெரியாது."

"அப்ப சாப்பாட்டுக்கு?"

"கையோட கொண்டு போயிடுவோம்."

"அதுதான் நல்லது" என்றார் அந்த அம்மா, மிகுந்த அக்கறையோடு.

என்னோடு உட்கார்ந்த இன்ஸ்பெக்டர் தெலுங்குக்காரர். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா அவரிடம், "தம்பி என்ன பண்றீங்க?" என்று கேட்க, பொய் சொல்லக்கூடாது என்ற என் உத்தரவை நினைத்துக்கொண்டு, "மேடத்தோட வந்தேன் சார்" என்றார். அதற்குள் யாரோ அவர் கையில் மிளகாய் பஜ்ஜித் தட்டைக் கொடுத்துவிட்டார்கள். சோதனை போன வீட்டில் பச்சைத் தண்ணீர் கூடாது. மிளகாய் பஜ்ஜி அவருக்கு உயிர். தட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. "பஜ்ஜி ஆறுது தம்பி" என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார்.

வைஷ்ணவி வந்தாள், வணக்கம் சொன்னாள், உட்கார்ந்தாள். மாப்பிள்ளையோடு வேலையைப் பற்றிப் பேசினாள். ஏதோ சொல்லி அவர் சிரித்தார், அவளும் சிரித்தாள். காலையிலிருந்து அந்த வீட்டில் யாரும் சிரித்து நான் பார்க்கவில்லை. இது அமைந்துவிட வேண்டும் என்று எனக்கே ஆசை வந்துவிட்டது. சோதனை அதிகாரிக்கு வரக்கூடாத ஆசை, வந்தது, என்ன செய்வது.

புறப்படுகிற நேரம். வியாபாரியின் மனைவி பூஜை அறையிலிருந்து தாம்பூலத் தட்டை எடுத்துவந்தார். தட்டின் மேல் மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கொடுக்க ஒரு துணிப்பை, அதில் தேங்காய், வெற்றிலை பாக்கு, மடித்த ரவிக்கைத் துண்டு. நான் எழுந்து, "குடுங்க, நான் வாங்கிக்கிறேன்" என்று தட்டை வாங்கினேன். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை, அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்ற வியாபாரியின் முகத்தில் ரத்தமே இல்லை. பையின் அடியில் தொட்டுப் பார்த்தேன். ரவிக்கைத் துண்டுக்குள் கெட்டியாக, தட்டையாக ஒன்று இருந்தது.

இளைய நண்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். தேடி வந்த பொருள் கையில் இருக்கிறது. சாட்சிகள் பின்பக்க அறையில். நானே நைசாக அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டால், "இந்த அம்மாதான் கொண்டுவந்து வைத்தாள்" என்று நாளைக்குக் கோர்ட்டில் சொல்வார்கள், கேஸ் அங்கேயே படுத்துவிடும். சாட்சிகளைக் கூடத்துக்குக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் பையைப் பிரித்தால் கேஸ் நிற்கும், அந்தப் பெண்ணின் கல்யாணம் நின்றுவிடும். பிரிக்காமல் விட்டால், ஒன்றும் அறியாத மாப்பிள்ளையின் அம்மா குற்றத்தின் தடயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்டோ ஏறிப் போவார்.

மூன்றும் வேண்டாம் என்று நினைத்தேன். பையைப் பிரிக்காமல் தட்டோடு தூக்கிக்கொண்டேன். "ஒரு நிமிஷம், உள்ள வரைக்கும் போயிட்டு வந்துடறேன்" என்றேன். அதில் பொய் இல்லை. வைஷ்ணவியைப் பார்த்து, "நீயும் வாம்மா" என்றேன். சோதனையில் எதை எடுத்தாலும் வீட்டு மனிதர் ஒருவர் பார்க்க வேண்டும், அவள் வயது வந்தவள், அந்த வீட்டுப் பெண். மாப்பிள்ளையின் அம்மா, "நிதானமா வாங்க, எங்களுக்கு அவசரமில்ல" என்றார்.

பின்பக்க அறையில் சாட்சிகள் முன்னால் பையைப் பிரித்தோம். ரவிக்கைத் துண்டுக்குள் போன். வைஷ்ணவி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது அப்பாவோடதா?"

"நாங்க தேடிட்டு வந்தது இதுன்னு நினைக்கிறேன்."

"இத அவங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருந்தா, அப்புறம் உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா, அவங்கள விசாரிச்சிருப்பீங்களா?"

"ஆமாம்மா. விசாரிக்காம இருக்க முடியாது."

அவள் முகம் சிவந்துவிட்டது. எனக்கு அவள் மேல் அப்படி ஒரு இரக்கம் வந்தது. "வேற ரவிக்கைத் துண்டு வெச்சுப் பையைக் கொண்டுபோய்க் குடுத்துடு. அவங்க போகட்டும். மத்தத நாங்க அப்புறம் எழுதிக்கறோம், யாருக்கும் தெரியவேண்டாம்" என்றேன். என் அதிகாரத்துக்கு உட்பட்டு நான் செய்யக்கூடியது அவ்வளவுதான். செய்யத் தயாராக இருந்தேன்.

அவள் தட்டை வாங்கிக்கொண்டாள். துண்டை மாற்றினாள். வெற்றிலையைச் சரியாக அடுக்கினாள். கூடத்துக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். மாப்பிள்ளையின் அம்மா எதிரில் போய் நின்றாள், தட்டை நீட்டவில்லை.

"ஆண்ட்டி, ஒண்ணு சொல்லணும். இவங்க எங்க சொந்தக்காரங்க இல்ல. டாக்ஸ் ஆபீசர்ஸ். காலைலேர்ந்து வீட்ல ரெய்டு நடக்குது. இப்ப உங்களுக்குக் குடுக்க இருந்த பையிலயே அவங்க தேடின ஒண்ணு இருந்துது. எங்கம்மாவுக்குத் தெரியாது, எனக்கும் இப்பதான் தெரியும். வெளில யாரோ சொல்லித் தெரியறதவிட நானே சொல்லிடணும்னு தோணுச்சு. ஸாரி."

அவள் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பஜ்ஜித் தட்டோடு இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றார். ஏன் எழுந்தார் என்று அவருக்கே தெரியாது.

மாப்பிள்ளையின் அம்மா நிதானமாகச் சொன்னார். "ஹவ்மா, ஆமா, ரெய்டுன்னு தெரியும்."

தெருவில் நிறுத்தினால் வண்டியைப் போலீஸ் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று பயந்து எங்கள் டிரைவர் 'ஆன் கவர்மென்ட் டூட்டி' என்ற அட்டையைக் கண்ணாடியில் வைத்திருந்தாராம். வண்டியை ரகசியமாக எடுத்து, ரகசியமாகக் கொண்டுவந்து, ரகசியமாக நிறுத்திவிட்டு, அத்தனை பெரிய எழுத்தில் அறிவித்திருக்கிறோம். இந்தத் தப்பை உலகத்தில் எங்கள் துறைக்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டார்கள்.

"அட்டையப் பாத்ததுமே நான் திரும்பிடலாம்னேன்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "முப்பது வருஷம் கவர்மென்ட்ல இருந்தவன், எனக்குப் புரியாதா? இவதான் கேக்கல."

"திரும்பிப் போயிட்டா வீட்டப் பத்தி மட்டும்தான் தெரியும்" என்றார் அந்த அம்மா. "பொண்ணப் பத்தி என்ன தெரியும்? சொல்றாங்களா பாக்கலாம்னு உக்காந்தேன். இந்த மேடம்கூட ஒரு பொய் சொல்லல, எவ்வளவு கேட்டுப் பாத்தேன் தெரியுமா?" பிறகு வைஷ்ணவியைப் பார்த்துக் கையை நீட்டினார். "தட்டக் குடும்மா, கை வலிக்கப் போகுது."

தாம்பூலத்தை வாங்கிக்கொண்டார். அன்றைக்கே சரி என்று சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்றுதான் சொன்னார்கள், அதுதான் நியாயம். ஆனால் மாப்பிள்ளை வாசலில் திரும்பி நின்று, "உங்க நம்பர் எங்கிட்ட இருக்கு, நானே கூப்பிடறேன்" என்று வைஷ்ணவியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் போனதும் வியாபாரி எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை, மல்லிகைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பிறகு, "போனைக் கொண்டாங்க மேடம். லாக்க நானே எடுத்துத் தரேன். எல்லாத்தையும் எழுதிக்கங்க" என்றார். நான் அதட்டியிருந்தால் அவர் வக்கீலைக் கூப்பிட்டிருப்பார். அவர் சொல்லச் சொல்ல எழுதினோம், சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள். வரியையும் அபராதத்தையும் பிற்பாடு கட்டினார். வழக்கு அதன் பாட்டுக்கு நடந்தது. போன் கிடைத்த விதத்தைப் பற்றி அவர் வக்கீலால் ஒரு கேள்வியும் எழுப்ப முடியவில்லை.

வெளியே வரும்போதும் வழக்கப்படி எங்களைச் சோதித்துக்கொள்ளச் சொன்னேன். "நக்கோ மேடம், வேணாம்" என்றார் வியாபாரியின் மனைவி. நான் விடவில்லை, பையைத் திறந்து காட்டினேன். எங்கள் சாப்பாட்டு டப்பாக்கள் காலியாக இருந்தன. தெருமுனைக்கு வந்ததும் இன்ஸ்பெக்டருக்கு வண்டிக்கடையில் மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். அவர் தின்ற வேகத்தைப் பார்த்து டிரைவரே பயந்துவிட்டார். அட்டை விஷயத்தில் டிரைவரைத் திட்ட வேண்டும் என்று நினைத்திருந்தேன், வாய் வரவில்லை.

கோப்பில் அந்த நாளைப் பற்றி நான் எழுதியது மிகச் சில வரிகள். விருந்தினர் வந்தனர், அனுமதிக்கப்பட்டனர், சென்றனர். அவர்களை ஏன் அனுமதித்தீர்கள் என்று தணிக்கையில் ஒரு கேள்வி வந்தது. என் முடிவு என்று பதில் எழுதினேன். உங்களுக்கும் அப்படிக் கேள்வி வரும், அப்போது மேலதிகாரி சொன்னார் என்று எழுதாதீர்கள். முடிவு எடுத்தவர் கையெழுத்துப் போட வேண்டும்.

சில மாதம் கழித்து அலுவலகத்துக்கு என் பெயருக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. மேலே மஞ்சள் தடவி, வைஷ்ணவியின் கையெழுத்தில் விலாசம். மாப்பிள்ளை அவரேதான். வழக்கு நடக்கிற வீட்டு விசேஷத்துக்கு நாம் போகக்கூடாது. நான் போகவில்லை. நீங்களும் போகாதீர்கள். ஆனால் பத்திரிகை வருகிற மாதிரி வேலை செய்யுங்கள்.